மாலை ஏழு மணிக்கு உறையும் சேனலும் வசூலாகாத பாக்கியும்

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் 14 ஆண்டுகளாக உள்ளூர் கேபிள் சேனல் நடத்துகிறேன். 18 கி.மீ. தள்ளியிருக்கும் எம்.எஸ்.ஓ.வின் (பல ஊர்களுக்குக் கேபிள் தரும் பெரிய ஆபரேட்டர்) ஹெட்எண்டுக்கு (சேனல்களைச் சேர்த்து அனுப்பும் மையம்) பிராட்பேண்ட் வழியாகச் சிக்னல் அனுப்புகிறோம். மாலை ஆறரை, ஏழுக்கு மேல் படம் உறைகிறது, கட்டம் கட்டமாக உடைகிறது. செய்தியில் வாயசைவும் பேச்சும் ஒட்டவில்லை. சில வீடுகளில் பேட்டிக்கு மட்டும் சத்தமே வருவதில்லை; விளம்பரம் வந்தால் டி.வி. அலறுகிறது. போன ஐப்பசியில் இடி இறங்கி படத்தைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் கேப்சர் கார்டும், அதைச் சுருக்கி அனுப்பும் என்கோடரும் போயின.

மாதச் செலவு 1,72,000 ரூபாய். 5 பேர் சம்பளம் 78,000, எம்.எஸ்.ஓ.வுக்கு 35,000, மின்சாரம் 16,000, வாடகை 14,000, ரிப்பேர் 13,000, பெட்ரோல் 12,000, இணையமும் போனும் 4,000. பில் போடுவது 1,60,000. கைக்கு வருவது 1,10,000. வெளியில் நிற்கும் பாக்கி 7,20,000. பணம் கேட்டால், 'சேனலே ஒழுங்காத் தெரியல, விளம்பரம் எங்க வந்துச்சு?' என்கிறார்கள். 10 லட்சம் கடன் வாங்கி எச்.டி. கேமரா, கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஸ்விட்சர் போட்டால் நிமிரலாமா? பக்கத்து எம்.எஸ்.ஓ.வுக்கும் சேனலைக் கொடுக்கலாமா? மூடிவிட்டு யூடியூப் மட்டும் போதுமா?

பதில்:

கடன் இப்போது வேண்டாம். 10 லட்சத்துக்கு 12 சதவீத வட்டியில் 5 ஆண்டு என்றால் மாதத் தவணை 22,244 ரூபாய். ஏற்கெனவே மாதம் 62,000 கையைக் கடிக்கிறது. கேமரா மாறியதால் ஜவுளிக்கடைக்காரர் பழைய பாக்கியைத் தரப்போவதில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றை எம்.எஸ்.ஓ.விடம் கேளுங்கள்: 'என் சேனலை எந்த அளவில், எத்தனை எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு எத்தனை மெகாபிட்) அனுப்புகிறீர்கள்?' எஸ்.டி.யாக (பழைய சாதாரணத் தரம்), 720க்கு 576 புள்ளியில், 2 எம்பிபிஎஸ் என்று பதில் வந்தால், நீங்கள் எந்த கேமராவில் எடுத்தாலும் வீட்டில் தெரிவது அந்த 2 எம்பிபிஎஸ் படம்தான். எச்.டி. இடம் தர அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத வரை எச்.டி. கேமராவுக்குக் கடன் வாங்குவது, ஒற்றையடிப் பாதைக்கு லாரி வாங்குகிற கதை.

உங்கள் கடிதத்தில் தொழில்நுட்பக் கோளாறு ஒரு பத்தி, பணக் கோளாறு இன்னொரு பத்தி. இரண்டையும் இணைப்பது கடைக்காரர் கேட்ட அந்தக் கேள்விதான். விளம்பரம் ஓடியதற்கு உங்களிடம் சான்று இல்லை. அதனால் நீங்கள் முதலில் வாங்க வேண்டியது, உங்கள் சேனலை ஒரு வீட்டில் தெரிகிறபடியே இரவு பகலாகப் பதிவு செய்யும் ஒரு கம்ப்யூட்டர். ஒரு கேபிள் இணைப்பு, சாதாரண செட்டாப் பாக்ஸ், ஏ.வி. கேப்சர் கருவி, 4 டி.பி. ஹார்டு டிஸ்க், ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். செட்டாப் பாக்ஸின் எச்.டி.எம்.ஐ. பின்னில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இருக்கலாம். அதிலிருந்து எடுத்தால் பதிவில் கறுப்புத் திரைதான் விழும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. பின்னிலிருந்து எடுங்கள். 1 எம்பிபிஎஸ்ஸில் பதிந்தால் நாளுக்கு 10.8 ஜி.பி., 90 நாளுக்கு 972 ஜி.பி. 2 எம்பிபிஎஸ் என்றாலும் 2 டி.பி.க்குள் அடங்கிவிடும். கம்ப்யூட்டர் கடிகாரம் இணைய நேரத்தோடு தானாகச் சரியாகும்படி வைத்து, பதிவின் மூலையில் தேதியும் நேரமும் எரியவிடுங்கள்.

90 நாள் என்ற கணக்குக்குக் காரணம் உண்டு. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பரில் எம்.எஸ்.ஓ.க்களின் சொந்தச் சேனல்களுக்கு வெளியிட்ட நெறிமுறை, எல்லா நிகழ்ச்சிகளின் பதிவையும் 90 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அரசுக்காக வைத்திருக்கும் அதே பதிவு உங்களுக்கு வசூல் ரசீதாகவும் உதவும்.

எங்கே உடைகிறது?

மாலையில் மட்டும் உறைகிறது என்பதால் பிராட்பேண்டைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஆனால் சந்தேகத்துக்குச் செலவு செய்யக் கூடாது. மூன்று நாள் மாலை 6 முதல் 10 வரை நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் பாருங்கள்: நிகழ்ச்சிகளை ஓட்டும் பிளேஅவுட் கம்ப்யூட்டரின் வெளியீடு, என்கோடரின் முன்னோட்டம், ஹெட்எண்டில் உங்கள் சிக்னல் வந்து சேரும் இடம், வீட்டு செட்டாப் பாக்ஸ். ஹெட்எண்டில் ஒரு பையனை உட்கார வைத்து வாட்ஸ்அப்பில் நேரத்தைக் குறிக்கச் சொன்னால் போதும். பிளேஅவுட்டிலேயே உறைந்தால் கம்ப்யூட்டர். முன்னோட்டம் சுத்தமாக இருந்து ஹெட்எண்டில் உடைந்தால் இணையம். ஹெட்எண்டில் சுத்தமாக இருந்து வீட்டில் உடைந்தால் கேபிள் லைன்.

லைன் கோளாறைக் கண்டுபிடிக்க இன்னொரு சுருக்கு வழி. கேபிளில் ஒரே அலைவரிசைக்குள் பல சேனல்கள் சேர்ந்து போகின்றன, 64 க்யூ.ஏ.எம். என்ற முறையில் அனுப்பினால் ஒன்றில் சுமார் 38 எம்பிபிஎஸ். உங்கள் சேனலோடு அதே அலைவரிசையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஹெட்எண்டில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களும் சேர்ந்து உடைந்தால் குற்றம் லைனிலோ, ஆம்ப்ளிஃபயரிலோ, அந்த வீட்டு இணைப்பிலோ இருக்கிறது. பாக்ஸுக்கு வரும் அளவு 50 முதல் 65 டெசிபல் மைக்ரோவோல்ட்டுக்குள் இருந்து, சிக்னலின் சுத்தத்தைச் சொல்லும் எம்.ஈ.ஆர். 30 டெசிபலுக்கு மேல் காட்டினால் லைனைக் குறை சொல்ல முடியாது. உங்கள் சேனல் மட்டும் உடைந்தால் குற்றம் லைனில் இல்லை, உங்கள் சிக்னல் ஹெட்எண்ட் வரை போகும் பாதையில் தேடுங்கள்.

உடைகிற விதத்தையும் கவனியுங்கள். குற்றாலத்து அருவியைக் காட்டும்போதும் தேர் இழுக்கும் கூட்டத்தைக் காட்டும்போதும் மட்டும் கட்டம் விழுந்து, செய்தி வாசிப்பவர் முகம் சுத்தமாக இருந்தால் அது இணையக் கோளாறு அல்ல. விழும் தண்ணீரும் அசையும் கூட்டமும் நிறைய பிட்டு தின்னும்; என்கோடரில் வைத்த அளவு பற்றவில்லை. எச்.264 என்ற சுருக்க முறையில் எஸ்.டி.க்கு 2 முதல் 2.5 எம்பிபிஎஸ் வையுங்கள், மாறாத பிட்ரேட்டாக. மாறும் பிட்ரேட் வைத்தால் உச்சத்தில் எம்.எஸ்.ஓ. ஒதுக்கிய அளவைத் தாண்டி, அங்கே பாக்கெட்டுகள் (இணையத்தில் போகும் தரவுத் துண்டுகள்) வெட்டுப்படும். அசையாத முகத்திலும் கட்டம் விழுந்தால் பாக்கெட் தொலைகிறது. உறைந்து நின்று, பிறகு சில விநாடி தாவினால் பாக்கெட் வரிசையில் காத்து நிற்கிறது. கடைசி இரண்டும் பிராட்பேண்ட் வேலை.

மாலை 7 மணிக்கு ஹெட்எண்ட் முகவரிக்கு, பாக்கெட் போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை 600 முறை ஓடவிடுங்கள். ஒரு சதவீதம் தொலைந்தாலும், நேரம் 20 மில்லி விநாடியிலிருந்து 200க்குத் தாவினாலும் உங்களுக்கு வேண்டிய ஆதாரம் கையில் வந்துவிட்டது. பிராட்பேண்ட் நிறுவனத்துக்கு போன் செய்தால், 'ஸ்பீடு நல்லாத்தானே இருக்கு' என்பார்கள். அவர்கள் பார்ப்பது டவுன்லோடு. உங்களுக்கு வேண்டியது மாலை நேரத்து அப்லோடு, அதுவும் அசையாமல்.

நிரந்தரத் தீர்வு ஃபைபர். எம்.எஸ்.ஓ.வின் கேபிள் உங்கள் ஊருக்கு ஃபைபரில்தான் வந்திருக்கும். அதில் சும்மா கிடக்கும் ஒரு கோர் (கண்ணாடி இழை) திரும்பு பாதையாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒற்றைக் கோரில் இரு திசையும் போகும் 1310/1550 நானோமீட்டர் மீடியா கன்வெர்ட்டர் (மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் கருவி) ஜோடி ஒன்று போதும். '20 கி.மீ.' என்று எழுதியதை வாங்காதீர்கள். 18 கி.மீ. ஃபைபருக்கு, கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் வீதம் 6.3 போகும், நம் ஊர் ஃபைபரில் மரம் விழுந்தும் லாரி இழுத்தும் போட்ட ஒட்டுகள், கனெக்டர்கள் சேர்ந்து இன்னும் மூன்று நான்கு தின்னும். 20 கி.மீ. ஜோடி அன்றைக்கு வேலை செய்யும், அடுத்த ஒட்டில் நின்றுவிடும். 40 கி.மீ. ஜோடி வாங்குங்கள்.

கோர் கிடைக்காவிட்டால், என்கோடரில் எஸ்.ஆர்.டி. முறைக்கு மாறுங்கள், தொலைந்த பாக்கெட்டை அது மறுபடி கேட்டு வாங்கும். அதற்கு அவகாசம் வேண்டும். வாங்கும்போது இருக்கும் 120 மில்லி விநாடி நம் பிராட்பேண்டுக்குக் காணாது, 1000 வையுங்கள். செய்தி ஒரு விநாடி தாமதமாகத் தெரிவதால் யாருக்கும் நஷ்டமில்லை. அப்லோடு வேகத்தில் பாதிக்கு மேல் சேனலுக்கு எடுக்காதீர்கள். எடிட்டிங் கம்ப்யூட்டர் யூடியூப்புக்கு வீடியோ ஏற்றுவது அதே இணைப்பில் என்றால், மாலை 6 முதல் 10 வரை ஏற்றக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். (பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்தாலும் ஆச்சரியமில்லை.) இரண்டாவதாக வேறு நிறுவனத்தின் இணைப்பு ஒன்று, ஒன்று செத்தால் மற்றதுக்குத் தானாக மாறும் ரௌட்டரோடு.

பிளேஅவுட் கம்ப்யூட்டரில் மூன்று காரியம். விண்டோஸ் அப்டேட் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கள். ஆன்டிவைரஸ் தேடல் அதிகாலை 4க்கு. விளம்பரக் கோப்புகள் தனி எஸ்.எஸ்.டி.யில், சி டிரைவில் அல்ல. பழைய எடிட்டிங் கம்ப்யூட்டர் ஒன்றில் அதே கோப்புறைகளைத் தினமும் நகலெடுத்துத் தயாராக வையுங்கள். அதுவும் முடியாதென்றால், பென்டிரைவ் செருகிய மீடியா பிளேயரில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையும் மெல்லிய நாதஸ்வரமும் ஓடட்டும். தூர்தர்ஷன் காலத்து அட்டைதான், அதில் கேவலம் ஒன்றுமில்லை. கறுப்புத் திரையைப் பார்த்தால் கை ரிமோட்டுக்குப் போய்விடும்.

இடியும் கரண்டும்

இடி பெரும்பாலும் கூரை வழியாக வருவதில்லை. செம்புக் கம்பி வழியாக வருகிறது. ஸ்டூடியோவுக்குள் நுழையும் கேபிள் கோஆக்ஸ், இணைய வயர், கரண்டு மூன்றுக்கும் எர்த் வேறு வேறு இடத்தில் இருந்தால், எங்கோ விழுந்த இடியிலும் அவற்றுக்கிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். அது பாய்கிற வழியில் உட்கார்ந்திருப்பது உங்கள் கேப்சர் கார்டு. ஃபைபருக்கு மாறச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் ஃபைபர் கேபிளுக்குள் தாங்கு கம்பியாக இரும்பு ஓடியிருக்கும். அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டி எர்த்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கரண்டு போர்டில், திடீரென ஏறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் டைப் 2 சர்ஜ் காப்பான் போடுங்கள். எர்த்துக்குப் போகும் அதன் வயர் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், வளைத்துச் சுற்றினால் பயன் போச்சு. எல்லா எர்த்தும் ஒரே பட்டையில் சேரட்டும். எர்த் குழி 5 ஓமுக்குள் வர வேண்டும், கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். சாதாரண மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் 3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படத்தில் மெல்ல மேலேறும் கறுப்புப் பட்டையும் ஒலியில் 'ம்ம்' இரைச்சலும் அதிலிருந்து வருபவை. நேரடி இடியை எந்தக் காப்பானும் தாங்காது. ஐப்பசியில் இடி உருண்டால் பதிவுக் கம்ப்யூட்டருக்கு வரும் கோஆக்ஸைக் கழற்றிவிடுங்கள்.

யூபிஎஸ் பெரிதாக வேண்டாம். பிளேஅவுட், என்கோடர், கன்வெர்ட்டர், ஒரு மானிட்டர் சேர்ந்து 400 வாட்டுக்குள்தான் வரும். 1 கே.வி.ஏ. ஆன்லைன் யூபிஎஸ், 36 வோல்ட், அதாவது 12 வோல்ட் 42 ஏ.எச். பேட்டரி மூன்று போட்டால் சுமார் இரண்டு மணி நேரம் நிற்கும். லேசர் பிரிண்டரை அதில் செருகாதீர்கள். சூடேறும்போது இழுக்கும் இழுப்பில் யூபிஎஸ் ஓவர்லோடு ஆகும். பேட்டரியை ஏ.சி. இல்லாத அறையில் வைத்தால் ஆயுள் பாதியாகும்.

ஒட்டாத வாய், வராத சத்தம்

வாயசைவு ஒட்டாததில் இரண்டு வகை. செய்தி தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஒரே அளவு விலகல் என்றால், மைக் நேராக மிக்சருக்குப் போகிறது, படம் கன்வெர்ட்டர்களில் தங்கித் தங்கி வருகிறது. கேமரா முன் கையைத் தட்டிப் பதிந்து, சத்தத்துக்கும் கை சேர்வதற்கும் நடுவில் எத்தனை ஃபிரேம் என்று எடிட்டிங்கில் எண்ணுங்கள். 25 ஃபிரேமில் ஒன்று 40 மில்லி விநாடி. மூன்று ஃபிரேம் என்றால் ஒலிக்கு 120 மில்லி விநாடி தாமதம் கொடுங்கள். முதலில் சரியாக இருந்து போகப் போக விலகினால் தாமதம் கொடுத்துத் தீராது. ஒலியை யூஎஸ்பி சவுண்ட் கார்டிலும் படத்தை கேப்சர் கார்டிலும் எடுக்கிறீர்களா பாருங்கள். இரண்டின் கடிகாரமும் தனித்தனி ஓட்டம். ஒலியை எச்.டி.எம்.ஐ. அல்லது எஸ்.டி.ஐ.க்குள் சேர்த்து ஒரே கார்டில் எடுங்கள். செய்தியாளர்கள் செல்போனில் எடுத்து அனுப்பும் கிளிப்புகளில் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. அவற்றை எடிட்டிங்கில் போடும் முன் 25 ஃபிரேம், 48 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொள்வதை ஒரு பழக்கமாக்குங்கள்.

சில வீடுகளில் மட்டும் பேட்டிக்குச் சத்தம் வராதது பேய் வேலை போலத் தெரியும். மிக்சரின் எக்ஸ்.எல்.ஆர். (மூன்று முள் ஒலி பின்) வெளியீட்டைச் சாதாரண ஸ்டீரியோ பின்னில் மாற்றி கேமராவில் செருகியிருக்கிறார்கள். அந்த வயரில் ஒரே ஒலி நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் வருகிறது. ஸ்டீரியோ பின்னில் ஒன்று இடதாகவும் மற்றது வலதாகவும் பதிவாகும். ஹெட்போனில் கேட்டால் குறை தெரியாது. ஒற்றை ஸ்பீக்கர் டி.வி.யில் இரண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று அழித்துவிடும். வயரை மாற்றுங்கள். பழைய பதிவுகளில் இடதை மட்டும் எடுத்து வலதிலும் போட்டால் பிழைத்துவிடும்.

அலறலுக்கு மருந்து: எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் லவுட்னஸ் மீட்டரில் நிகழ்ச்சி, விளம்பரம் எல்லாம் மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (சராசரிச் சத்தத்தின் அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபல் என்று வைத்து வெளியேற்றுங்கள். கடைக்காரர், 'எங்க விளம்பரம் சத்தமாக் கேக்கணும்' என்பார். சத்தம் ஏறினால் வீட்டில் மியூட் அழுத்துகிறார்கள் என்று அவரிடமே சொல்லுங்கள்.

பணம்

உங்கள் கணக்கைக் காகிதத்தில் பார்த்தால் மாத நஷ்டம் 12,000தான். கையில் இடிப்பது 62,000. நடுவில் இருக்கும் 50,000 மாதாமாதம் வசூலாகாமல் போகிறது. 7,20,000ஐ அதால் வகுத்தால் பதினான்கு மாதத்துக்குச் சற்று மேல். உங்களுக்கு விளம்பரம் குறைந்துவிடவில்லை, வசூல் நின்றிருக்கிறது.

பாக்கியை மூன்றாகப் பிரியுங்கள்: 90 நாளுக்குள், 90 முதல் 180, அதற்கு மேல். மூன்றாவது குவியலில் உள்ளவர்களிடம் பணம் கேட்கும் முன், 'இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி' என்று எழுதிய தாளில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு. கெடு முடியும் முன் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். தவணையில் தரட்டும், ஒரு பகுதியைத் தள்ளுபடிகூடச் செய்யலாம், ஆனால் தாள் முதலில். உண்மையிலேயே சேனல் உறைந்து கிடந்த நாட்களுக்கு அவர் பேசுவது நியாயம்தான். அதைக் கழித்துக்கொண்டு மீதியை எழுதி வாங்குங்கள்.

இனி வரும் பில்லுக்கு உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணமில்லை. பதிவுக்குப் பிறகு தந்த சேவைக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், சிறு தொழில் பாக்கிக்கான அரசுத் தளத்தில் முறையிடலாம். நிஜமான பிடி வேறு: முறையாகக் கணக்கு எழுதும் கடை அந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவை வருமான வரியில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்தால், மார்ச் மாதம் கடையின் ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

பில்லோடு ஒளிபரப்புச் சான்று போகட்டும். பிளேஅவுட் மென்பொருள் எந்தக் கோப்பு எத்தனை மணிக்கு ஓடியது என்று தானாகக் குறித்து வைக்கும். அதை மாதக் கடைசியில் அச்செடுத்து, சந்தேகப்படுபவருக்குப் பதிவிலிருந்து ஒரு துண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். புதிய விளம்பரதாரரிடம் பாதி முன்பணம். பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, ஸ்க்ரோல் எல்லாம் முழுக்க முன்பணம்; துக்க வீட்டில் பிறகு போய்க் கேட்க உங்களுக்கே மனம் வராது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் விளம்பரங்களுக்குக் கடைக்காரரின் கல்லா நிறைந்திருக்கும் வாரத்திலேயே வசூலுக்குப் போங்கள். சங்கரன்கோவில் ஆடித்தபசு போன்ற நேரலைக்கு, ஸ்பான்சர் தொகை கைக்கு வந்த பிறகே கேமரா கிளம்ப வேண்டும்.

விற்கிற நேரத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கேபிள் விதிப்படி மணிக்கு 12 நிமிடம், அதில் சொந்த விளம்பரம் 2 நிமிடம். மாலை 6 முதல் 10 வரை விற்க 40 நிமிடம், அதாவது 240 பத்து விநாடித் துண்டு. இதில் எத்தனை உண்மையில் விற்றிருக்கிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் காலியென்றால் விலையைக் குறைக்காதீர்கள். காலை நேரத்துத் துண்டுகளை இலவசமாகச் சேர்த்துக் கொடுங்கள்.

ஆண்டுக்கு நீங்கள் போடும் பில் 19,20,000. சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு 20 லட்சம். ஒரே பான் எண்ணில் கல்யாண வீடியோ எடுத்தால் அதுவும் இதில் சேரும். தாண்டிய 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிந்த பிறகு 18 சதவீத வரி பில் போட்டதுமே உங்கள் தலையில் விழும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். வசூலை ஒழுங்குபடுத்தாமல் அந்த வாசலைத் தாண்டினால் வராத பணத்துக்கும் கையிலிருந்து வரி கட்டுவீர்கள். மருத்துவமனை, பள்ளி போன்ற பெரிய விளம்பரதாரர்கள் டி.டி.எஸ். (பில் பணத்திலேயே கழிக்கும் வருமான வரி) பிடித்திருக்கிறார்களா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள், கேட்காமலே கிடக்கும் பணம் இருக்கலாம்.

செலவில் உடனே கை வைக்கக் கூடியது மின்சாரம். ஸ்டூடியோவில் இன்னும் ஆயிரம் வாட் ஹாலஜன் நான்கு எரிந்தால், அது 4 கிலோவாட் விளக்கு. அந்தச் சூட்டை வெளியேற்ற ஒரு டன்னுக்கு மேல் ஏ.சி. 60 வாட் எல்.இ.டி. பேனல் ஆறு போட்டால் 360 வாட். நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் மாதம் 320 யூனிட்டுக்கு மேல் மிச்சம், ஏ.சி. மிச்சம் தனி. செய்தியாளரைக் குறைக்காதீர்கள். ஊர்ச் செய்தி போனால் உங்கள் சேனலைத் தேடி எண் அழுத்த யாருக்கும் காரணமில்லை.

எம்.எஸ்.ஓ.வுக்குத் தரும் 35,000ஐப் பேசிக் குறைக்கவும் இடமிருக்கிறது. 2022 நெறிமுறையின் கண்ணில் அது அவருடைய சேனல். நீங்கள் நிகழ்ச்சி தருபவர். ஒரு சேனலுக்கு ஆயிரம் ரூபாய் கட்டி பதிவு செய்ய வேண்டியதும் அவர். உள்ளூர்ச் செய்தி ஓட வேண்டுமென்றால் அவருடைய நிறுவனம் கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். திரையில் 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்' என்று காட்ட வேண்டும். இவையெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டு, பதிவின் நகலை வாங்கி வையுங்கள். பதிவில்லாத சேனலுக்கு மாதம் 35,000 கட்டுகிறீர்கள் என்றால் பேச்சு வேறு மாதிரி போகும். நிலையான தொகைக்குப் பதிலாக, வசூலில் பங்கு என்று கேளுங்கள்.

பக்கத்து எம்.எஸ்.ஓ.வுக்கும் அதே சேனலைக் கொடுப்பது கூடாது. இந்த நிகழ்ச்சிகள் ஓர் ஆபரேட்டருக்கு மட்டும் உரியவை, வேறொருவருடன் பகிரக் கூடாது என்று நெறிமுறை சொல்கிறது. கோயில் போன்ற வழிபாட்டிடங்களின் நேரலைக்கு மட்டும் விலக்கு.

நீங்கள் கேட்காததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளூர்ச் சேனல்களில் தவறாமல் பணம் தருவது 'சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும்' வகை விளம்பரம். உங்களிடமும் இருந்தால் நிறுத்துங்கள். 1954ஆம் ஆண்டு மருந்து, மாயத் தீர்வு விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் புற்றுநோயும் உண்டு; வெளியிடுவதில் பங்கு கொண்டவருக்கும் தண்டனை உண்டு. இரவில் படமும் சினிமாப் பாட்டும் உரிமம் இல்லாமல் ஓட்டினால் பதிப்புரிமைச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அந்த நேரத்தைச் சொந்த நிகழ்ச்சிகளின் மறு ஒளிபரப்பால் நிரப்புங்கள். தேர்தல் காலத்தில் கட்சி விளம்பரத்தை மாவட்ட ஊடகச் சான்றுக் குழுவின் அனுமதி எண் இல்லாமல் ஏற்றாதீர்கள். பணம் காசோலையிலோ டி.டி.யிலோ மட்டும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் எதுவும் கிடையாது.

யூடியூப் இன்றைக்குச் சம்பளம் போடாது. விளம்பரப் பங்கு பெறவே ஆயிரம் சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். கேபிளோடு சேர்த்து அதையும் நடத்துங்கள். பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் திருவிழாவை அங்கேதான் பார்ப்பார்கள், அந்தப் பார்வை எண்ணைக் காட்டி ஸ்பான்சரிடம் கூடுதலாகக் கேட்கலாம். திருவிழா நேரலையில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடினால் நேரலை நடுவில் நிறுத்தப்படலாம். 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை விழுந்தால் சேனலே போய்விடும். கேமராவின் மேல் மைக்கை அணைத்து, நாதஸ்வரத்துக்கும் வர்ணனைக்கும் மட்டும் தனி மைக் வையுங்கள்.

மூடலாமா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். பதிவுக் கம்ப்யூட்டர், எர்த், ஃபைபர் அல்லது எஸ்.ஆர்.டி., இந்த வரிசையில் ரிப்பேருக்கு ஒதுக்கும் 13,000ஐ இரண்டு மூன்று மாதம் இதற்குத் திருப்புங்கள். வசூலாகும் பழைய பாக்கியில் முதல் பணம் ஊழியர் சம்பளத்துக்கு. ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்: அந்த மாதம் போட்ட பில்லில் எண்பது சதவீதமாவது 45 நாளுக்குள் கைக்கு வந்திருந்தால் எச்.டி. பற்றி எம்.எஸ்.ஓ.விடம் பேசத் தொடங்கலாம். சேனல் உறையாமல் ஓடியும், சான்றோடு பில் அனுப்பியும் அந்த எண்பது வரவில்லை என்றால், 24 மணி நேரத்தை விட்டு மாலை நான்கு மணி நேரச் சேவையாகச் சுருக்குங்கள், எம்.எஸ்.ஓ. தொகை, ஆட்கள், மின்சாரம் மூன்றும் அதற்கேற்ப இறங்கும். அதுவரை எதையும் விற்க வேண்டாம். அலமாரியில் 14 ஆண்டுப் பதிவுகள் கிடக்கும் ஹார்டு டிஸ்க்குகளை மட்டும் இந்த வாரமே ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள், சுழலாதவை எத்தனை என்று. சுழல்பவற்றை இரண்டு புது டிஸ்க்கில் நகலெடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள்.